காற்று குறையும் வரை

அப்பா இறந்து நாற்பது மணித்தியாலம் ஆகியிருந்தபோது தங்கச்சியின் பனிச்சறுக்கு இறுதிப்போட்டியை முதல் தடவையாகத் தள்ளிவைத்தார்கள். அப்பா இறந்தது அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. மவுண்ட் ரோஸ்கில் என்ற புறநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் போட்டிருந்தோம். போட்டி நடக்கவிருந்த கனடாவில் அது முதல்நாள் மதியம். திரையில் ஒரு வெள்ளைச் சரிவு. மேற்பகுதியில் வழுக்கிச் செல்வதற்கான இரும்புக் கம்பிகள், கீழே வரிசையாக மூன்று பனிமேடுகள். ஒவ்வொரு மேடும் ஒரு மாடிவீட்டு உயரம். அதிலிருந்து பறந்து, சுழன்று, கவிழாமல் வந்து இறங்கவேண்டும். நடுவர்கள் அதற்குப் புள்ளி போடுவார்கள். சரிவின் ஓரத்தில் நட்டிருந்த கொடிகள் ஒரே பக்கமாக விறைத்து நின்றன. யாரும் பறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையின் அடியில் எழுத்து ஓடியது. காற்று அதிகம், போட்டி நாளைக்கு.

"நாளைக்கோ?" என்றார் பெரியப்பா. "நாளைக்கு எண்டு போட்டிருக்கிறாங்களோ?"

"ஓம்," என்றேன்.

பெரியப்பா ஜெயரட்ணம் அப்பாவின் தமையன். நகரத்தின் மறுபக்கம் பக்குரங்காவில் இருப்பவர். ஞாயிறு பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அதன்பிறகு தன் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று முடிவெடுத்தவரும் அவர்தான்.

"சோதினை எழுதப்போற பிள்ளைக்கு ஆராவது செத்தவீட்டுச் செய்தி சொல்லுவினமோ? செவ்வாய்க்கிழமை விடிய எல்லாம் முடிஞ்சிடும். முடிஞ்ச கையோட சொல்லுவம். வியாழக்கிழமை வந்திடுவாள். தகப்பன்ர முகத்தையும் பார்ப்பாள், அவன்ர ஆசையும் நிறைவேறினமாதிரி இருக்கும்."

அம்மா தலையாட்டினார். நானும் தலையாட்டியிருக்கவேண்டும். அப்போது அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை. ஒன்றரை நாள்தான்.

ஞாயிறு காலை அப்பா இதே கதிரையில் இருந்து தகுதிச்சுற்றைப் பார்த்தார். பிரணவி ஐந்தாவதாக வந்தாள். முதல் பன்னிரண்டு பேருக்கு இறுதிப்போட்டி. அவள் கடைசி மேட்டிலிருந்து இறங்கும் இடத்தை அப்பா மூன்று தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார். பிறகு புல் வெட்டப் போனார். இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் வீட்டுக்குள் இருந்த எங்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அது ஒரே இடத்தில் நின்று ஓடுகிறது என்பதை அம்மாதான் முதலில் கவனித்தார்.

அப்பாவின் தொலைபேசி என்னிடம் இருந்தது. அதைத் திறக்கும் இலக்கம் பிரணவி பிறந்த திகதி. எட்டேகாலுக்கு அதில் அவளுடைய செய்தி வந்தது. ஆங்கிலத்தில்தான் எழுதுவாள். இங்கே பிறந்தவள். எங்களோடு கதைப்பதும் ஆங்கிலத்தில்தான், அம்மா அப்பா அக்கா என்ற மூன்று சொற்களைத் தவிர.

காற்று அடிக்குது அப்பா, நாளைக்குத்தான், நித்திரை கொள்ளுங்கோ, என்று எழுதியிருந்தாள். கீழே ஒரு சிரிப்புப் படம்.

"ஏதாவது பதில் போடு பிள்ளை," என்றார் பெரியப்பா. "இல்லாட்டி யோசிப்பாள்."

அப்பா எப்போதும் கட்டைவிரல் படம் ஒன்றைத்தான் அனுப்புவார். அதோடு ஆங்கில எழுத்தில் 'சாப்பிடு' என்று ஒரு சொல். நான் கட்டைவிரலை அனுப்பினேன். அது போதாது என்று தோன்றியது. கவலைப்படாதே, காற்று குறையும், பொறுமையாக இரு, என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

உடனே என்னுடைய தொலைபேசி அடித்தது.

"அக்கா, அப்பாவுக்கு என்ன நடந்தது?"

நான் பெரியப்பாவைப் பார்த்தேன்.

"மூண்டு வசனம் எழுதியிருக்கிறார். அதுவும் கொமா போட்டு. ஆரும் அவரைக் கடத்திக்கொண்டு போயிட்டாங்களோ?" சிரித்தாள். "அவரிட்டக் குடு."

"தொண்டை கட்டியிருக்கு," என்றேன். "கதைக்கக் கஷ்டம். அதுதான் எழுதினவர்."

"பாவம். சரி, இஞ்சித் தண்ணி குடுங்கோ. நான் போய்ச் சாப்பிடப்போறன் எண்டு சொல்லு. அவர் 'சாப்பிடு' எழுத மறந்திட்டார்."

பெரியப்பா என் தோளைத் தட்டினார். நல்லாச் சமாளிச்சாய் என்றார்.

அப்பா குளிரூட்டி மெக்கானிக். நகரத்துக்கு வடக்கே ஒரு பெரிய கொட்டகைக்குள் செயற்கைப் பனி கொட்டி வைத்திருக்கிறார்கள். அதன் குளிர் இயந்திரங்களைப் பார்ப்பது அவருடைய வேலை. அம்மாவுக்குச் சனிக்கிழமைகளிலும் வேலை என்பதால் எங்கள் இருவரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போவார். நான் சூடான சிற்றுண்டிச்சாலையில் புத்தகத்தோடு இருந்துவிடுவேன். பிரணவி ஐந்து வயதில் பனியில் இறங்கினாள். பதினைந்து வயதில் தென் தீவு மலைகளுக்குப் போனாள். பிறகு தேசிய அணியில் எடுத்தார்கள். "எங்கட ஆக்கள் வழுக்கி விழுந்தா ஆஸ்பத்திரிக்குப் போறவை, இந்த ஐஸ்பெட்டிக்காரன்ர பெட்டை அதுக்கு மார்க்ஸ் எல்லோ வாங்கிறாள்," என்று பெரியப்பா ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் சொல்வார். அப்பா ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

செவ்வாய் மத்தியானம் டொரொண்டோவில் இருக்கும் மாமா அழைத்தார். மரண அறிவித்தலை இணையத்தில் போடவேண்டும், எல்லாரும் கேட்கிறார்கள், இன்னும் எத்தனை நாள் மறைப்பது என்றார். பெரியப்பா கொஞ்சம் யோசித்தார்.

"போடு. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே."

ஒரு மணித்தியாலத்தில் அது வந்துவிட்டது. படத்தில் அப்பா என் பட்டமளிப்புக்குப் போட்ட கோட்டோடு இருந்தார். கௌரியின் அன்புக் கணவரும், ராகவி, பிரணவி ஆகியோரின் பாசமிகு தந்தையும் என்று எழுதியிருந்தது. இறுதிக்கிரியை வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. அந்த நேரத்தை விட்டால் தகன மண்டபத்தில் அடுத்த வியாழன்வரை இடமில்லை. சிட்னியிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பயணச்சீட்டு எடுத்தார்கள்.

பின்னேரம் அம்மாவும் நானும் அப்பாவைப் பார்க்கப் போனோம். உடலை வைத்திருந்த மலர்ச்சாலையை நடத்தும் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். மெதுவாகக் கதைத்தாள். குளிர் அறை நான்கு பாகையில் இருப்பதாகவும், முகத்தில் இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றம் தெரியும் என்றும் சொன்னாள். பார்க்கவேண்டியவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்களா என்று கேட்டாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இன்னும் ஒருவர் இருக்கிறார்," என்றேன்.

"அவர் சீக்கிரம் வரவேண்டும்," என்றாள் அவள்.

திரும்பி வரும்போது காரில் அந்த மலையின் வானிலையைத் தொலைபேசியில் பார்த்தேன். நான் வேலை செய்வது குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில். வரைபடங்களை வாசிப்பது பழக்கம். இரண்டு வெவ்வேறு கணிப்புகளும் ஒன்றையேதான் சொல்லின. வெள்ளி வரை காற்று குறையாது. போட்டிக்கு மிச்சமாக ஒதுக்கியிருந்தது இன்னும் இரண்டே நாட்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"போன கிழமை இங்கயும் மழை எண்டுதான் போட்டவங்கள். பெய்ததோ?"

"பெரியப்பா, இது வேற. இது காற்று. ரெண்டு இடத்தில பார்த்தனான். நாளைக்கும் நடக்காது."

"நீ படிச்சனி பிள்ளை, ஓம். ஆனா ஆண்டவன் எண்டு ஒருத்தன் இருக்கிறான்."

எனக்கு அதற்குமேல் வாதாடத் தெரியவில்லை. எனக்கு எப்போதுமே தெரியாது. நான் குசினிக்குப் போனேன். செத்தவீடு என்பதால் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பூங்கோதை இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். மதுரைப் பக்கத்துக்காரி. தாதியாக வேலை. என்னைவிட இரண்டு வயது மூப்பு.

"ஆன்ட்டி இன்னும் ஒண்ணும் சாப்பிடலையா?"

"இல்லை. தண்ணி மட்டும்."

"பிரணவி எப்ப வர்றா?"

சொன்னேன். அவள் சாம்பார்ப் பாத்திரத்தின் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவளுக்கு இன்னும் தெரியாதா?"

"போட்டி முடிய சொல்லுறதா இருக்கினம்."

"எனக்கும் அப்படித்தான் பண்ணாங்க. பன்னெண்டாவது பப்ளிக் எக்ஸாம். ஹாஸ்டல்ல இருந்தேன். அப்பா ஊருக்குப் போயிருக்காரு, போன் கிடைக்கலன்னு சொன்னாங்க. கடைசிப் பரீட்சை கெமிஸ்ட்ரி. எழுதிட்டு வெளியே வர்றேன், சித்தப்பா மொட்டத் தலையோட நிக்கிறாரு." மூடியைப் போட்டாள். "பத்து நாள் ஆயிருந்துச்சு. கெமிஸ்ட்ரில தொண்ணூத்தி ஆறு."

காலியான பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

புதன் காலை எட்டு மணிக்கும் கொடிகள் அப்படியே விறைத்து நின்றன. ஒருத்தி மட்டும் பரீட்சார்த்தமாக முதல் மேட்டிலிருந்து பறந்தாள். காற்று அவளை நடுவானில் ஒரு பக்கமாகத் தள்ளியது. முழங்காலில் விழுந்து எழும்பினாள். சிறிது நேரத்தில் அதே எழுத்து ஓடியது. நாளைக்கு.

நான் எழுந்து நின்றேன்.

"இப்ப சொல்லவேணும். இண்டைக்குப் பின்னேரம் வான்கூவரில ஒரு ப்ளேன் இருக்கு. இப்ப வெளிக்கிட்டா அதைப் பிடிக்கலாம். நாளைக்கு விடிய இங்க நிப்பாள். அதை விட்டா எந்த வழியால வந்தாலும் வெள்ளி இரவுதான். பதினொரு மணிக்கு எல்லாம் முடிஞ்சிடும்."

"இருந்து கதை பிள்ளை," என்றார் பெரியப்பா.

"நேரம் இல்லை."

"அவன் பதினாலு வருஷம் இதுக்காக ஓடினவன். ஓவர்டைம் செய்து அனுப்பினவன். இப்ப நாங்கள் சொல்லி, அவள் அங்கயிருந்து வெளிக்கிட்டு, நாளைக்குக் காத்து நிண்டு போட்டி நடந்துதெண்டு வை. அவள் காலம் முழுக்க எங்களைக் கேப்பாள்."

"காற்று நிற்காது பெரியப்பா."

"அவளைப் பழக்கிற கோச்சிட்டயாவது சொல்லுவமோ?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அந்த வெள்ளைக்காரனுக்கு இதொண்டும் விளங்காது. அவன் அடுத்த நிமிசமே அவளிட்டச் சொல்லுவான்."

"அதுதானே வேணும்," என்றேன்.

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். "கௌரி, நீர்தான் தாய். நீர் சொல்லும்."

அம்மா மூன்று நாட்களாகக் கட்டியிருந்த அதே சேலையில் சுவரோரம் பாயில் இருந்தார்.

"இன்னும் ஒரு நாள்," என்றார். "அவர் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்."

அந்த நேரம் பார்த்துப் பிரணவி அழைத்தாள். அம்மா கையை நீட்டி என் தொலைபேசியை வாங்கினார். கண்ணைத் துடைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு எங்கிருந்தோ ஒரு குரலை எடுத்தார். அது போன கிழமை அம்மா கதைத்த குரல்.

"என்னம்மா, காத்தாமே? சாப்பிட்டியோ? என்ன சாப்பிட்டனி? பாஸ்தாவோ? சோறு ஒரு இடமும் இல்லையோ? அப்பாவோ? அவருக்கு இன்னும் தொண்டை சரியில்லை. படுத்திருக்கிறார். ஓம், ஓம், சொல்லுறன். இந்தா அக்காட்டக் குடுக்கிறன்."

நான் அதை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன்.

"அக்கா, தனியவோ நிக்கிறாய்?"

"ஓம்."

"ஒண்டு சொல்லட்டோ? அப்பாட்டச் சொல்லாதே. எனக்குப் பயமா இருக்கு. ஒவ்வொரு நாளும் உடுப்பு மாட்டி, மேல போய், ரெண்டு மணித்தியாலம் நிண்டுட்டுக் கீழ வாறம். பேசாமல் வீட்ட வந்திடலாமோ எண்டு இருக்கு."

வா என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதற்குக் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை.

"சும்மா சொல்லுறன்," என்றாள் அவளே. "நீ அதைப் பெரிசா எடுக்காதே. அப்பா எவ்வளவு ஆசையா இருப்பார். கடைசி மேட்டில புதுசா ஒண்டு வைச்சிருக்கிறன். அவருக்குச் சொல்லேல்லை. டிவியில பார்க்கட்டும். சரி, கூப்பிடுறாங்கள். போறன்."

கதவுக்கு வெளியே யாரோ உறவினர் வந்து ஒப்பாரி தொடங்கும் சத்தம் கேட்டது. அவள் கேட்கக்கூடாது என்று நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். ஆனால் அவள் ஏற்கெனவே வைத்துவிட்டாள். தண்ணீர் ஓடியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு அந்த விமானம் வான்கூவரிலிருந்து புறப்பட்டது. விமானங்களைக் காட்டும் தளத்தில் அது கடலுக்கு மேல் சின்னதாக நகர்ந்தது. அவள் அதில் இல்லை. நான் அதை ஹவாய் தாண்டும்வரை பார்த்தேன்.

வியாழன் காலை வீட்டில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். சிட்னியிலிருந்து வந்தவர்கள், கோயில் ஆட்கள், அப்பாவோடு வேலை செய்த இரண்டு வெள்ளைக்காரர்கள். எல்லாரும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருந்தார்கள். சிறுவர்கள் முன்னால் நிலத்தில் இருந்தார்கள். யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். ஒரு செத்தவீட்டில் பனிச்சறுக்குப் போட்டியின் வர்ணனை ஓடுவதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

எட்டு மணி. எட்டரை. சரிவு வெறுமையாக இருந்தது. பனித்தூள் தரையிலிருந்து புகைபோல எழும்பிப் போனது. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வர்ணனையாளர் மிகவும் வருந்துவதாகச் சொன்னார். இறுதிப்போட்டி கைவிடப்பட்டது. ஒதுக்கிய நாட்கள் முடிந்துவிட்டன. விதிப்படி தகுதிச்சுற்றின் நிலையே இறுதி நிலை. பெயர்கள் வரிசையாக வந்தன. ஐந்தாவது இடத்தில் பிரணவி ஆனந்தராசா.

"என்னவாம்?" என்று பின்னால் யாரோ கேட்டார்.

"அஞ்சாம் இடமாம்."

"எப்ப ஓடினவள்? நான் காணேல்லையே."

"ஞாயிற்றுக்கிழமை ஓடினதைக் கணக்கெடுக்கிறாங்களாம்," என்று நான் சொன்னேன்.

ஞாயிறு காலையே அவள் ஐந்தாவது. அப்பா அதைப் பார்த்தார். பார்க்கவேண்டியது எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் புல் வெட்டப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு நாங்கள் காத்திருந்தது ஒன்றுமே இல்லாததற்கு. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் திடீரென்று மிகவும் வயதானவராகத் தெரிந்தார்.

நான் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் முழங்காலில் இருந்தேன். "வெள்ளிக்கிழமையை மாத்துவம் அம்மா. அடுத்த வியாழன் இடம் இருக்கு. அவள் வந்து பார்க்கட்டும்."

அம்மா தலையசைத்தார். மாட்டேன் என்ற தலையசைப்பு.

"நேற்றும் போய்ப் பார்த்தனான்," என்றார். "அது இப்ப அவற்ற முகம் இல்லை. அவள் டிவியில கையசைக்கேக்க சிரிச்சார் பார், அந்த முகம் அவளுக்கு இருக்கட்டும்."

அந்தச் சிரிப்பைப் பார்த்தது நாங்கள். அவளல்ல. அம்மாவுக்கு அது தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

தொலைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. அறையில் இருந்த எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். பெரியப்பா அவசரமாக என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஒரேயடியாச் சொல்லாதே பிள்ளை. முதல்ல சுகமில்லை எண்டு சொல்லு. ஐசியூவில வைச்சிருக்கினம் எண்டு சொல்லு. ப்ளேன் ஏறட்டும். மிச்சத்தை எயார்போட்டில நாங்கள் சொல்லுறம்."

எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். முதலில் சுகமில்லை, பிறகு கடுமை, பிறகு வா. கேட்பவர் படிப்படியாகத் தன்னைத் தயார் செய்துகொள்வார் என்று நினைப்பு. நான் அந்த விமானத்தை நினைத்தேன். பதினாலு மணித்தியாலம் அவள் இருக்கையில் இருந்து, அப்பா பிழைக்கவேண்டும் என்று தெரிந்த சாமியெல்லாம் கும்பிட்டுக்கொண்டு வருவாள். அவள் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இங்கே எரித்து முடிந்திருக்கும்.

வாசல் கதவைத் திறந்து வெளியே போனேன். செருப்பு போடவில்லை. படியில் நின்று அழைப்பை எடுத்தேன். என் முகம் தெரியாதபடி கமராவை அணைத்தேன்.

அவள் முகம் முழுத் திரையையும் நிறைத்தது. மூக்கு சிவந்திருந்தது. தலைக்கவசம் இன்னும் தலையில் இருந்தது. பின்னால் யாரோ பெண்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"அக்கா, பார்த்தனியோ? ஒண்டுமே செய்யாமல் அஞ்சாவது." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "புதுசா வைச்சிருந்தன் எண்டு சொன்னன் எல்லோ, அதை அவருக்குக் காட்டவே முடியேல்லை. பரவாயில்லை. ஞாயிறு வந்திடுவன். அவரை அந்தக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்து காட்டுறன். எங்க அவர்? தொண்டை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அவர் கதைக்கவேண்டாம். முகத்தை மட்டும் காட்டு. கமராவைப் போடு அக்கா. ஏன் இருட்டா இருக்கு?"

கமராவைப் போட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். என் பின்னால் திறந்திருந்த கதவையும், உள்ளே நிலத்தில் இருந்த ஆட்களையும், வெள்ளைச் சேலைகளையும் பார்த்தாள். அவள் வாய் மெதுவாக மூடியது.

"அக்கா?"

"பிரணவி," என்றேன். "அப்பா ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனார்."